வாளியா, ஷவரா, தொட்டியா?

மன்னார்குடியில் ஒரு பழைய ஓட்டு வீட்டைப் புதுப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா காலத்தில் பாமணியாற்றிலோ, சுமார் 23 ஏக்கர் பரப்புள்ள ஹரித்ரா நதித் தெப்பக்குளத்திலோ முங்கி எழுந்தால் குளியல் முடிந்தது. அப்பா காலத்தில் கொல்லைக் கிணற்றடி. அங்கெல்லாம் யாரும் லிட்டர் கணக்குப் பார்க்கவில்லை. இப்போது பின்கட்டில் கான்கிரீட் தளம் போட்டு, அதன் கீழே குளியலறை, மேலே தண்ணீர்த் தொட்டி என்று முடிவாகிவிட்டது. ஆனால் உள்ளே என்ன வைப்பது?

சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா, "படுத்துக் குளிக்கிற தொட்டி வைக்கலாம்" என்கிறார். அக்காவுக்கு ஷவர் வேண்டும். பாட்டியோ, "எனக்கு ஒரு வாளியும் சொம்பும் போதும்" என்கிறார். கொத்தனார் பதிலுக்குக் காத்திருக்கிறார். சுவரில் ஓடு பதித்த பிறகு குழாயை மாற்றுவதென்றால் மறுபடியும் உடைக்க வேண்டும் அல்லவா? ஆகவே இப்போதே கணக்குப் போட்டுவிடுவோம்.

முதலில் ஷவர். அது பூவாக விரிந்து கொட்டுமா, அல்லது அழுதுகொண்டு சொட்டுமா என்பது தண்ணீரின் அழுத்தத்தைப் பொறுத்தது. தொட்டியில் நீர்மட்டம் தரையிலிருந்து 4½ மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஷவர் 2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடையே 2½ மீட்டர். சுமார் 10 மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பம் ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தரும். நமக்குக் கிடைப்பதோ அதில் கால் பங்குதான்!

இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 17ஆம் நூற்றாண்டில் கண்ட விதிப்படி, இந்த உயரத்திலிருந்து வரும் நீரின் வேகத்தையும் அறியலாம். 2 × 9.8 × 2.5 = 49. அதன் வர்க்கமூலம் 7. அதாவது வினாடிக்கு 7 மீட்டர். அழகான விடை, ஆனால் நம்பிவிடாதீர்கள். குழாயின் உட்சுவரில் உராய்வு, ஒவ்வொரு வளைவிலும் இழப்பு, உப்புத் தண்ணீராக இருந்தால் ஷவரின் துளைகளில் சுண்ணாம்புப் படிவு, இவையெல்லாம் அந்த வேகத்தைத் தின்றுவிடும்.

"அப்படியானால் 1,000 லிட்டர் தொட்டிக்குப் பதிலாக 2,000 லிட்டர் தொட்டி வாங்கிவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். பலர் பணத்தை வீணாக்குவது இந்த இடத்தில்தான். அழுத்தம் நீரின் உயரத்தைப் பொறுத்தது. அதன் மொத்த அளவைப் பொறுத்ததல்ல. தொட்டி அகலத்தில் மட்டும் பெருத்தால் ஷவருக்கு ஒரு பயனும் இல்லை. அதற்குப் பதில் அதே தொட்டியை 1 மீட்டர் உயர மேடைமேல் வைத்துப் பாருங்கள். 2½ மீட்டர் 3½ ஆகிறது. அழுத்தம் 40 சதவீதம் கூடுகிறது. செங்கல் செலவோடு போயிற்று! மேடை எடையைத் தாங்குமா என்று மட்டும் பொறியாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, தண்ணீர்ச் செலவு? ஷவர் சிக்கனமானது என்பார்கள் சிலர். ஊதாரி என்பார்கள் சிலர். நீங்களே அளந்து பாருங்கள். 15 லிட்டர் வாளியை ஷவருக்கு நேர்கீழே வைத்து, நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். 2 நிமிடம் ஆனால் நிமிடத்துக்கு 7½ லிட்டர். நீங்கள் 8 நிமிடம் நின்றால் 60 லிட்டர். சோப்புப் போடும்போது மூடிவிட்டு, மொத்தம் 3 நிமிடம் மட்டும் திறந்தால் 22½ லிட்டர். பாட்டியின் இரண்டு வாளிக் குளியல் 30 லிட்டர். ஆக, சிக்கனம் ஷவரில் இல்லை, திருகைப் பிடித்திருக்கும் கையில் இருக்கிறது. வாளிக்கு ஒரு வசதி உண்டு: எவ்வளவு செலவாயிற்று என்பது கண்ணுக்குத் தெரியும்.

சித்தப்பாவின் தொட்டிக்கு வருவோம். அதன் விளிம்பு வரை 200 லிட்டர் பிடிக்கும் என்று கொள்வோம். 200 லிட்டரும் நிரப்பிவிட்டு இறங்கினால் என்ன ஆகும்? ஆர்க்கிமிடீஸுக்கு ஆனதுதான். 50 கிலோ எடையுள்ளவர் முழுதும் அமிழ்ந்தால் ஏறக்குறைய 50 லிட்டரை வெளியே தள்ளுவார். ஆகவே 150 லிட்டர் போதும். ஆனால் அந்த 150 லிட்டர் எவ்வளவு பெரிய அளவு தெரியுமா? 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்து வீடுகளில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறிவைக்கும் அளவு 55 லிட்டர். குடிக்க, சமைக்க, துவைக்க, குளிக்க எல்லாம் அதற்குள்ளேதான். ஒரு தொட்டிக் குளியல் ஏறக்குறைய மூன்று பேரின் ஒரு நாள் பங்கு.

மார்கழிக் காலையில் வெந்நீர் வேண்டுமென்றால் இன்னொரு கணக்கு. 25 டிகிரி நீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர, 150 × 15 = 2,250 கிலோகலோரி. ஒரு யூனிட் மின்சாரம் சுமார் 860 கிலோகலோரி தரும். ஆக 2.6 யூனிட். பாட்டியின் 30 லிட்டருக்கு அரை யூனிட்டுக்குச் சற்றுமேல்.

பாட்டியைப் பற்றி இன்னொன்று. தொட்டிக்குள் போக முழங்கால் உயர விளிம்பைத் தாண்ட வேண்டும், அதுவும் ஈரக்காலோடு, ஒற்றைக் காலில் நின்றபடி. எடை முழுதும் ஒரு பாதத்தில் இருக்கையில் சோப்பு நீர் உராய்வைக் குறைத்துவிட்டால் விழுவதைத் தடுக்க எதுவும் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் தொட்டி வேண்டாம் என்பேன். சித்தப்பா கோபித்துக்கொள்ளட்டும்! சொரசொரப்பான தரை, உட்கார ஒரு முக்காலி, சுவரில் உறுதியான கைப்பிடி, வாளிக்கு ஒரு குழாய், அதற்கு மேலே அக்காவுக்கு ஒரு ஷவர். ஒரே குழாய் வரிசையில் இரண்டையும் பொருத்திவிடலாம்.

கொத்தனாரை அனுப்புவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. குளித்த தண்ணீர் எங்கே போகும்? கொல்லையில் வாழைக்குத்தான். ஆனால் டெல்டாவின் களிமண் தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். வாழையடியில் ஒரு முழ ஆழக் குழி தோண்டி, ஒரு முறை நீர் ஊற்றி ஊறவிடுங்கள். மறுநாள் மீண்டும் நிரப்பி, ஒரு குச்சியில் அடையாளமிட்டு, மணிக்கு எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குழியை எவ்வளவு பெரிதாக வெட்ட வேண்டும் என்பதை அந்தக் குச்சியை வைத்துக் கொத்தனார் சொல்லிவிடுவார்.