முட்டை ஓடு எலும்பாகும், உரமாகுமா?

முட்டை ஓட்டில் இருந்து செயற்கை எலும்பு செய்கிறார்களாமே, அப்படின்னா நம்ம மண்ணுக்கும் அது நல்லதுதானே என்று பல பேர் என்னிடம் கேட்கிறார்கள். முதல் பாதி நிஜம். இரண்டாவது பாதிக்கு உங்க மண்ணைப் பார்த்துத்தான் பதில் சொல்லணும்.

முட்டை ஓட்டில் ஏறக்குறைய 95 சதம் கால்சியம் கார்பனேட். கிளிஞ்சல், சிப்பி, நத்தை ஓடு எல்லாம் இதே சரக்குதான். 900 டிகிரி சூட்டில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 100 கிலோ கார்பனேட்டுக்கு 56 கிலோதான் தேறும். நம்ம ஊர் காளவாயில் கிளிஞ்சல் சுட்டதும் இதே வேலைதான். அதை நீற்றி, பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, காரத்தன்மை குறையாமல் பார்த்துக்கொண்டால் வெள்ளையாக ஒன்று படியும். வடிகட்டி, காயவைத்து, மறுபடி சூளையில் சுட்டால் ஹைட்ராக்சிஅபடைட் என்கிற பீங்கான் தயார். எலும்பிலும் பல்லிலும் இருக்கிற தாதுவும் கிட்டத்தட்ட இதேதான். அதனால் உடம்பு இதை வெளியாளாக நினைத்து விரட்டாது. இதை ஒட்டியே புது எலும்பு வளரும். எலும்புக் குழியை நிரப்பவும், உலோக இடுப்பு மூட்டுக்கு மேல்பூச்சாகவும் பயன்படுத்துகிறார்கள். இது ஆய்வுக்கூட வேலை; வீட்டு அடுப்பில் ஆகாது.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். நாம காசு கொடுத்து வாங்குற எலும்புத்தூளில் இருக்கிற மணிச்சத்தும் இதே தாதுவாகத்தான் இருக்கு. டாக்டருக்கு அது சீக்கிரம் கரையக் கூடாது. நமக்கோ கரைஞ்சாத்தான் சத்து! நீலகிரி மாதிரி புளிப்பு மண்ணில் மெதுவாகக் கரையும். கார அமில நிலை 8 தாண்டிய கரிசலில் எலும்புத்தூளும் சரி, முட்டை ஓட்டுத்தூளும் சரி, வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். அந்த மண்ணில் ஏற்கெனவே சுண்ணாம்பு நிறைய. மேலே ஓடு தூவுறது வீண் கூலி. தக்காளியில் காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகுதா? முதலில் தண்ணி பாய்ச்சுற இடைவெளியைச் சரி பண்ணுங்க. ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் பாய்ச்சல்னு இருந்தா, மண்ணில் சுண்ணாம்பு இருந்தும் அது காய்க்குப் போய்ச் சேராது.

ஓட்டைக் கரைக்கப் புளிப்பு வேணும். எலுமிச்சைச் சாற்றில் முட்டையை ஊறப்போட்டு அமினோ கரைசல் செய்றோமே, பத்து நாளில் ஓடு மெத்துன்னு ஆகிறது அதனாலதான். மிச்ச ஓட்டை மாவாக அரைச்சு மண்புழுத் தொட்டியில் கொஞ்சம் தூவுங்க, புளிப்பு குறையும். சுட்ட சுண்ணாம்பை மட்டும் தொழுவுரத்தோட கலக்காதீங்க. தழைச்சத்து அம்மோனியாவாப் பறந்துடும்.