தாவி வந்த மரபணுவும் ஆட்டின் ஞாபகமும்

நம்ம கூட்டங்களில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "மரபணு தன் இடத்தை விட்டு நகராது. அதற்குள் புதுத் துண்டு நுழைவதே இயற்கைக்கு விரோதம்." மரபணு மாற்றுப் பயிரை நானும் ஏற்பவன் இல்லை. ஆனால் இந்த வாதம் நிற்காதுங்க. ஏன் என்பதை ஆட்டை வைத்தே சொல்லலாம்.

கொழுந்து கிடைத்த வேலியை ஆடு மறக்காது, மறுநாளும் அங்கேதான் போய் நிற்கும். அந்த ஞாபகம் மூளையில் தங்க 'ஆர்க்' என்ற மரபணு வேண்டும். ஆர்க் இல்லாத எலிகளை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வந்தது. கற்றதை அந்த எலிகள் அப்போதைக்கு நினைவில் வைத்தன, மறுநாள் மறந்துவிட்டன.

இந்த ஆர்க்கின் மூதாதை ஒரு ரெட்ரோடிரான்ஸ்போசான். பேருதான் பெரிசு. தன்னை நகலெடுத்து, அந்த நகலை மரபணுத் தொகுப்பில் வேறோர் இடத்தில் செருகிவிடும் துண்டு அது. பேரேட்டில் ஒரு பதிவு தானாகவே கார்பன் காப்பி எடுத்து மற்ற பக்கங்களிலும் ஏறிக்கொண்டால் எப்படி இருக்கும்? வங்கியில் காலம் தள்ளிய எனக்கு நினைத்தாலே பதறுகிறது! சிலவகை வைரஸ்களுக்கு இது நெருங்கிய சொந்தம்.

மரபணு தாவும் என்று முதலில் கண்டவர் பார்பரா மெக்ளின்டாக். 1940களில், மக்காச்சோள மணிகளில் விழும் நிறப்புள்ளிகளைப் பார்த்துப் பிடித்தார். அவர் கண்டது வெட்டி ஒட்டும் வகை. நகலெடுக்கும் வகை பிறகு தெரியவந்தது. நோபல் பரிசு 1983இல்தான் கிடைத்தது. மக்காச்சோள மரபணுத் தொகுப்பில் ஏறக்குறைய 85 சதவீதம் இப்படித் தாவும் துண்டுகள்தான். மனிதரில் கிட்டத்தட்ட பாதி. ரொம்ப நாள் இதையெல்லாம் 'குப்பை' என்று ஒதுக்கி வைத்தார்கள். குப்பையின் அருமை நமக்குத்தானே தெரியும்.

2018இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜேசன் ஷெப்பர்டு குழு ஒன்றைக் கண்டது. ஆர்க் புரதங்கள் சேர்ந்து வைரஸ் கூடு போலவே உருண்டையாகின்றன. அதற்குள் தன் ஆர்.என்.ஏ.வை ஏற்றி, ஒரு நரம்புச் செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு அனுப்புகின்றன. பழைய பழக்கம் போகவில்லை பாருங்க. அதே சமயம் விவியன் பட்னிக் குழு பழ ஈயிலும் இதைக் கண்டது; அழுகின வாழைப்பழத்தைச் சுற்றுமே, அந்தச் சின்ன ஈதான். ஈக்கு இது தனி வழியில் வந்தது. எங்க தோணிரேவு பக்கம் ஏரியில் விழும் மடவைக்கு ஆர்க் கிடையாது. கோழிக்கு, ஆட்டுக்கு, நமக்கு உண்டு. (மீனுக்கும் ஞாபகம் உண்டு, அதன் வழி வேறு.)

நஞ்சுக்கொடியால் குட்டியை வளர்க்கும் பாலூட்டிகளுக்கு மட்டும் உள்ள இன்னொன்று 'சர்ஹ்11'. இதுவும் ரெட்ரோடிரான்ஸ்போசான் வழி வந்ததுதான். இது இல்லாத எலிகள் நிதானம் இழந்து அவசரப்படுவதை 2015இல் ஜப்பானின் இஷினோ குழு கண்டது.

ஆக, தாவல் இயற்கையிலேயே நடக்கிறது. அதனால் எல்லாத் தாவலும் நல்லது என்று ஆகிவிடாது. பல துண்டுகள் கெடுதல் செய்தன, பலவற்றை உயிர்களே வாயடைத்து வைத்திருக்கின்றன. ஆர்க் போன்ற சிலது மட்டும் கோடிக்கணக்கான வருஷம் சலித்த பிறகு வேலைக்கு வந்தவை. பி.டி. பருத்தி இங்கே 2002இல் அனுமதி பெற்றது. 2010க்குள் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்குப் பழகிவிட்டது. வீரிய ரக விதையாக வந்ததால் வருஷாவருஷம் கடையில்தான் வாங்கணும். மேடையில் பேசுவதற்கு இந்த இரண்டும் போதும்.