கட்டளைத் திரையில் தமிழ்

கணிப்பொறிக்கு எழுத்தால் ஆணையிடும் சாளரமே கட்டளைத் திரை. அதன் பின்புலத்தைக் கருமையாக்கலாம், எழுத்திற்கு வண்ணமூட்டலாம். இவை அணிகலன்களே. மேனி சிதைந்திருக்க அணி எதற்கு?

1978 இல் வெளிவந்த விடி100 முனையம் 24 வரிகளும் வரிக்கு 80 கட்டங்களும் கொண்டது. அதன் வழிவந்த திரைகள் இன்றும் எழுத்துகளைக் கட்டங்களில் எண்ணியே அடுக்குகின்றன. உரோமன் எழுத்து கட்டத்துள் அடங்கும். நம் எழுத்திலோ ‘ர’ ஒடுங்கியது, ‘ணௌ’ அகன்றது. ‘கொ’ என்னும் ஓரெழுத்தை யூனிகோடு இரு குறிகளாகச் சேமிக்கின்றது. ஆதலின் பல திரைகளில் தமிழெழுத்துகள் ஒன்றன்மேலொன்று ஏறியும் பிரிந்தும் தோன்றுகின்றன. அதனைக் காணும் மாணவன், ஆணைக்குரிய மொழி தமிழன்று எனக் கருதிவிடுவான். உண்மை இழப்பு அதுவே.

இதற்கு வழிகாட்டி நம்மிடமே உண்டு. இலங்கை முஸ்லிம்களும் தமிழக முஸ்லிம்களும் அறபெழுத்தால் தமிழை எழுதினர், அதுவே அறபுத்தமிழ். அறபில் பகரமில்லை, ளகரமில்லை. அதற்காக அவ்வொலிகளை அவர்கள் களைந்தாரல்லர். அறபெழுத்திற்குப் புள்ளியும் குறியும் இட்டுப் புது வடிவங்கள் கண்டனர். மொழிக்காக எழுத்து விரிந்தது. எழுத்துக்காக மொழி குறுகவில்லை.

கல்முனையிலும் மருதமுனையிலும் கணினி பயிலும் மாணவர் அம்மரபைத் தொடர்வாராக. வண்ணம் தேர்வதன்முன், தமிழெழுத்தின் அகலமறிந்து இடமளிக்கும் எழுத்துருவையும் நிரலையும் ஆக்குக. கட்டம் விரிக, தமிழ் குறுகற்க.