வீட்டைக் காலி பண்றீங்களா? முதல்ல கிச்சன் கபோர்டைத் தொட்டுப் பாருங்க

எஸ்.ஐ.பி., டாக்ஸ்னு பேசுற இடத்துல திடீர்னு எண்ணெய்ப் பிசுக்கு எதுக்குன்னு நினைக்கலாம். காரணம் இருக்கு.

நான் முதன்முதலா வாடகை வீட்டைக் காலி பண்ணினப்போ, ஓனர் ஹாலைப் பார்க்கலை, பாத்ரூமைப் பார்க்கலை. நேரா கிச்சனுக்குப் போய், அடுப்புக்கு மேல இருந்த கபோர்டு கதவுல விரலை வெச்சார். விரல் ஒட்டிக்கிச்சு. அட்வான்ஸ்ல 4,000 ரூபாய் போச்சு. அப்போ என் மாதாந்திர ஆர்.டி.யே 3,000 தான்!

தாளிக்கும்போது எழும்புற எண்ணெய்ப் புகை கபோர்டுல படிஞ்சு, சூட்டுலயும் காத்துலயும் நாள்பட நாள்பட பிசின் மாதிரி ஆயிடும். அதுக்கு மேல தூசி. வெறும் தண்ணி தொட்டுத் துடைச்சா அழுக்கு இடம் மாறுமே தவிர, போகாது.

இதுக்கு எனக்குப் பிடிச்சது பூந்திக்கொட்டை. நாட்டு மருந்துக் கடையில கேளுங்க. பத்துப் பன்னிரண்டு எடுத்து, உடைச்சு விதையை நீக்கிட்டு, ரெண்டு டம்ளர் தண்ணியில 15 நிமிஷம் கொதிக்க வைங்க. அதுல இருக்கிற சப்போனின் சோப்பு மாதிரியே நுரைச்சு எண்ணெயைப் பிரிச்செடுக்கும். வெதுவெதுப்பா இருக்கும்போதே துணியை நனைச்சு, நல்லா பிழிஞ்சு, பிசுக்கு மேல அஞ்சு நிமிஷம் ஒத்தி வெச்சுட்டுத் துடைங்க. கண்ணுல மட்டும் படக்கூடாது, பயங்கரமா எரியும்.

அதுக்கும் அசையாத இடத்துல முதல்ல கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்க. எண்ணெய்க்கு எண்ணெயான்னு சிரிக்காதீங்க, பழைய பிசுக்கை அதுதான் இளக்கும். பிறகு சமையல் சோடாவைக் குழைச்சுப் பூசி, பழைய டூத் பிரஷ்ஷால மெதுவா தேய்ங்க. கடைசியா ஈரத்துணி, உடனே காய்ந்த துணி.

ரீல்ஸ்ல சோடாவையும் வினிகரையும் ஒண்ணா ஊத்திப் பொங்க வைப்பாங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அமிலமும் காரமும் ஒண்ணையொண்ணு முறிச்சுக்கும், பொங்கி முடிஞ்சதும் மிஞ்சுறது கிட்டத்தட்ட உப்புத்தண்ணிதான். ரெண்டு பொருளும் வேஸ்ட்.

இன்னொரு முக்கியமான விஷயம். கபோர்டு பெரும்பாலும் பிளைவுட் இல்லைன்னா பார்ட்டிக்கிள் போர்டு. ஓரம் வழியா தண்ணி இறங்கினா உப்பிடும், அப்புறம் 4,000 எல்லாம் சின்ன தொகை. கம்பி நார் போட்டா சன்மைக்கா கீறிடும். அலுமினிய ஃபிரேம்ல சோடாவை ஊற விடாதீங்க, நிறம் மங்கலாம். எதையும் முதல்ல உள்பக்க மூலையில போட்டுப் பாருங்க.

காலி பண்றதுக்கு முந்தின ராத்திரி இதை ஆரம்பிக்காதீங்க, ஒரு வாரம் முன்னாடியே முடிச்சிடுங்க. சாவி கொடுக்கிற அன்னைக்கு எல்லாக் கதவையும் திறந்து வெச்சு ஒரு வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க. ரெண்டாவது வீட்டுல நான் அப்படித்தான் செஞ்சேன். பெயின்ட்டுக்கு மட்டும் கழிச்சாங்க. அது அக்ரிமென்ட்லயே இருந்துச்சு, நான்தான் படிக்காம கையெழுத்துப் போட்டிருந்தேன்.