கடற்சாமந்தி குடியேறும் வீடு

ஸ்காட்லாந்து நாட்டின் கீழைக் கடற்கரையில் நார்த் பெரிக் என்றோர் ஊர் உண்டு. 1828-ஆம் ஆண்டில் சர் ஜான் டாலியல் என்னும் இயற்கை ஆராய்ச்சியாளர் அவ்வூர்க் கரையிலிருந்து ஒரு கடற்சாமந்தியை எடுத்து வந்து, கண்ணாடிச் சாடியில் கடல்நீரை நிரப்பி, அதில் இட்டு வளர்த்தார். 1851-ஆம் ஆண்டில் டாலியல் மறைந்தார், சாமந்தி மறையவில்லை. அன்புடையார் ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் எனக் கைமாறி, 'பாட்டி' என்ற செல்லப் பெயரும் பெற்று, 1887-ஆம் ஆண்டில்தான் அது உயிர் துறந்தது. கடலை விட்டு வந்த பின் மட்டும் 59 ஆண்டுகள்!

நான் முதன்முதலாக வாங்கி வந்த கடற்சாமந்தியோ ஒன்பது நாள்களே உயிரோடு இருந்தது. அந்த 59 ஆண்டுகளுக்கும் இந்த ஒன்பது நாள்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு என்ன? அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பெயரைக் கேட்டதும் அதனைப் பூச்செடி என்று எண்ணிவிடாதீர்கள். கடற்சாமந்தி ஒரு விலங்கு. விலங்கியல் நூல்களில் அதனைக் கடல் அனிமோன் என்பர். பவள உயிரிக்கும், நம் மீனவர் சொறி என்று கூறும் ஜெல்லிமீனுக்கும் அது உறவு. உருளை போன்ற உடல். கீழே பாறையைப் பற்றிக்கொள்ளும் வட்டமான பாதம். மேலே நடுவில் ஒரு வாய். அதனைச் சுற்றி இதழ்கள்போல் விரியும் உணர்கொம்புகள். உணவு புகுவதும் கழிவு வெளியேறுவதும் அந்த ஒரே வாயின் வழியேதான். அதற்கு எலும்பு இல்லை, ஓடு இல்லை, மூளையும் இல்லை. உடலுக்குள் நிறைந்த நீரின் அழுத்தமே அதனை நிமிர்த்தி நிறுத்துகிறது. உணர்கொம்புகளில் எண்ணற்ற கொட்டும் செல்கள் உள்ளன. இரை தொட்ட கணமே, அவற்றினுள் சுருண்டு கிடக்கும் நுண்ணிழைகள் பாய்ந்து நஞ்சைச் செலுத்துகின்றன.

டாலியல் வளர்த்தது குளிர்ந்த கரையில் வாழும் இனம். பவளப்பாறைகளில் வாழும் வெப்பக்கடல் இனங்கள் பலவற்றுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. அவற்றின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி உயிர்கள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, அதில் பெரும் பங்கை விருந்தோம்பும் சாமந்திக்கே தருகின்றன. சாமந்தியின் கழிவுப் பொருள்களையோ தமக்கு உரமாகக் கொள்கின்றன. ஆகவே நாம் ஒரு சாமந்தியைக் கொண்டுவரும்போது ஓர் உயிரையன்று, ஒரு குடும்பத்தையே கொண்டுவருகிறோம். விலங்குக்கு நல்ல நீர் வேண்டும். பாசிக்கு நல்ல ஒளி வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் குடும்பம் குலையும்.

முதலில் வீட்டைச் சொல்கிறேன். புதிதாக நிரப்பிய தொட்டியில் சாமந்தியை விடுவது, சுவர் காயாத வீட்டில் பச்சைக் குழந்தையைக் கிடத்துவதை ஒக்கும். மீன்களின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்நுண்ணுயிர்கள் பாறையிலும் மணலிலும் குடியேறிப் பெருகச் சில வாரங்கள் ஆகும். தொட்டி முழுவதும் நிலைபெறவோ ஆறு மாதமாவது ஆகும். அதுவரை பொறுத்திருத்தல் வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே இல்லாதிருப்பதும், நீரின் ஒப்படர்த்தி ஏறக்குறைய 1.025 ஆக இருப்பதும், வெப்பம் 24 முதல் 27 டிகிரி வரை நிற்பதும் இன்றியமையாதவை. நம் நாட்டுக் கோடையில் நீரைக் குளிர்விக்கும் கருவி இன்றி இது இயலாது. தொட்டியிலிருந்து ஆவியாவது நீரே. உப்பு அங்கேயே தங்கிவிடும். ஆதலால் குறைந்த நீரை நன்னீரால் ஈடு செய்ய வேண்டுமேயன்றி, உப்பு நீரால் அன்று. மீன்களின் நோய்க்குத் தாமிரம் கலந்த மருந்து இட்ட தொட்டியாயின், அதில் சாமந்தியை விடாதீர்கள். தாமிரம் அதற்குக் கொடிய நஞ்சு.

அடுத்தது தேர்வு. கடைகளில் பால்போல் வெளுத்த சாமந்திகளைக் காணலாம். பார்வைக்கு அவை அழகானவை. உண்மையில் அவை நோயுற்றவை. உள்ளே குடியிருந்த பாசிகளை இழந்ததால் வந்த வெண்மை அது. 1998-ஆம் ஆண்டில் கடல் வெப்பம் மிகுந்தபோது மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் வெளுத்ததும் இதே காரணத்தால்தான். பழுப்போ பச்சையோ கலந்த நிறமும், இறுக மூடிய வாயும், கிழியாத பாதமும் உடையதே நலமானது. பாறையிலிருந்து பிய்த்தெடுக்கும்போது பாதம் கிழிந்தால், அக்காயம் ஆறுவது அரிது.

இங்கு ஒன்று சொல்லியாக வேண்டும். மன்னார் வளைகுடாவிலும் கடற்சாமந்திகள் வாழ்கின்றன. ஆனால் அங்குள்ள 21 தீவுகளைக் கொண்ட பகுதி 1986-ஆம் ஆண்டில் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது; அங்கிருந்து எந்த உயிரையும் எடுத்தல் குற்றம். எடுக்கத் தேவையும் இல்லை. கொம்பு நுனிகள் குமிழ்போல் பருத்திருக்கும் குமிழ்நுனிச் சாமந்தி, தொட்டியிலேயே தன் உடலைப் பிளந்து ஒன்று இரண்டாகப் பெருகும் இயல்புடையது. அவ்வாறு தொட்டியில் பிறந்ததை வாங்குவோர் கடலுக்குக் குறை செய்வதில்லை. தொட்டி வாழ்வு அதற்கும் புதிதன்று.

இனி, வீட்டுக்கு வந்த நாள். சாமந்தியின் உடலில் நிறைந்திருப்பது ஏறக்குறையக் கடல்நீரே. வெளிநீரின் உப்பளவு திடீரென மாறினால், அதனைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் அதன் மெல்லிய தோலுக்கு இல்லை. ஆதலால் அது வந்த பையை, கட்டு அவிழ்க்காமல், கால் மணி நேரம் தொட்டி நீரில் மிதக்க விட்டு வெப்பத்தைச் சமன் செய்ய வேண்டும். பின்னர் அதனை ஒரு கலத்துக்கு மாற்றி, மெல்லிய குழாய் வழியே தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரத்துக்கும் மேலாக விழச் செய்தல் வேண்டும். தொட்டியின் விளக்குகளை அன்று மங்கலாக்கி, நாளடைவில் கூட்டுங்கள். இருட்டறையிலிருந்து வெயிலில் வந்தவனின் கண் கூசுவதுபோல் அப்பாசிகளும் துன்புறும்.

பிறகு, பாறையில் பாதம் புகுந்து ஒளியக்கூடிய பிளவு ஒன்றின் அருகே அதனை வைத்து, பாதம் பற்றும் வரை நீரோட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்துங்கள். அவ்வளவே நாம் செய்யத்தக்கது. அதற்குமேல் செய்யாதிருப்பதே கடினமான பகுதி. நான் தவறியது இங்கேதான்.

சாமந்தி நடக்கும். பாதத்தை மெல்ல நெளித்து ஊர்ந்து, ஒளியும் ஓட்டமும் தனக்கு ஏற்ற இடத்தைத் தேடும். நானோ, வருவோர் கண்ணுக்கு விருந்தாக அது தொட்டியின் நடுவே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது ஓரத்துக்குப் போகும். நான் பெயர்த்து நடுவே வைப்பேன். மறுநாளும் போகும், மறுநாளும் பெயர்ப்பேன். ஒருமுறை பாதம் சற்றே கிழிந்ததையும் கண்டேன், கண்டும் விடவில்லை. ஒன்பதாம் நாள் இரவு, பிடிப்பு இழந்து மிதந்த அவ்வுயிர், வலையிட்டு மூடாதிருந்த பம்பின் வாயில் சிக்கிச் சிதைந்தது. விடியலில் நீர் பால்போல் கலங்கிக் கிடந்தது. அழுகும் சாமந்தி அம்மோனியாவைப் பெருக்கி மற்ற உயிர்களையும் மாய்க்கும். அன்று இரண்டு மீன்களையும் இழந்தேன்.

ஆகவே பம்புகளின் வாயை முதலிலேயே வலையோ கடற்பஞ்சோ கொண்டு மூடிவிடுங்கள். புதிய சாமந்தி சில வேளைகளில் சுருங்கிச் சிறு பந்துபோல் ஆகும், பழுப்பு நிறக் கழிவை உமிழும், மீண்டும் விரியும். நீரை வெளியேற்றிப் புது நீர் நிரப்பிக்கொள்ளும் செயலே அது, அஞ்ச வேண்டா. வாய் பிளந்தபடியே கிடந்து, தசை இழைகளாகப் பிரிந்து, துர்நாற்றம் எழுந்தால் மட்டுமே உடனே அகற்றுங்கள். முதற் சில நாள்களுக்கு உணவு தர வேண்டா. நிலைபெற்ற பின், வாரம் ஓரிரு முறை, சுண்டுவிரல் நகத்தளவு இறால் துண்டு போதும். பெருந்துண்டைத் தந்தால், செரிக்க இயலாமல் உமிழ்ந்துவிடும். சாமந்தியோடு கோமாளிமீன் இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நிலைபெறாத சாமந்தியில் அம்மீன் ஓயாமல் புரண்டால், அது விரிய அஞ்சிச் சுருங்கிக் கிடக்கும். சாமந்தி முதலில் ஊன்றட்டும்; மீன் பின்னர் வரட்டும்.

ஓராண்டு கழித்து, நண்பர் ஒருவரின் தொட்டியில் பிளந்து பிறந்த குமிழ்நுனிச் சாமந்தி ஒன்று எனக்குக் கிடைத்தது. அதனைப் பாறையருகே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். பதினொரு நாள் அது அலைந்தது. பாறையில் ஏறியது, இறங்கியது, ஒரு முழு நாள் கண்ணுக்கே தென்படவில்லை. கை துறுதுறுத்தது, ஆயினும் நீரில் இடவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில், தொட்டியின் வலப்புறம் பாறையின் பின்புறப் பிளவொன்றில் பாதத்தைச் செருகி, முழுதும் விரிந்து நின்றது. அதன் பின் அவ்விடத்தை விட்டு அது பெயரவே இல்லை.

முன்னே அமர்ந்து பார்ப்போருக்கு அந்த இடம் தெரியாது. எனவே என் நாற்காலியைத் தொட்டியின் பக்கவாட்டுக்கு நகர்த்திக்கொண்டேன். மாணவ நண்பர்களே, உயிர் வளர்ப்போர் கற்க வேண்டிய பாடம் இதில் அடங்கியிருக்கிறது. தூய நீரும், தக்க ஒளியும், காவலும் தருவது நம் கடன். எங்கே வேர் ஊன்றுவது என்பதை அந்த உயிரே அறியும். 'பாட்டி' 59 ஆண்டுகள் வாழ்ந்ததும், காப்போர் கை மாறியபோதும் காக்கும் பொறுமை மாறாமையால் அன்றோ?