திரைக்குப் பின்னால் ஓடும் எஸ்கியூஎல்

பைத்தானில் எழுதுகிறவர்கள் தரவுத்தளத்தைக் கையாளப் பரவலாகப் பயன்படுத்தும் திறமூல லைப்ரரி எஸ்கியூஎல்ஆல்கெமி. மைக் பேயர் 2006இல் வெளியிட்டது. அட்டவணையின் ஒவ்வொரு வரிசையும் ஓர் ஆப்ஜெக்டாகக் கைக்கு வரும். அதில் ஒரு மதிப்பை மாற்றி கமிட் செய்தால், உரிய அப்டேட் கட்டளையை லைப்ரரியே எழுதி அனுப்பிவிடும். இந்த வசதியைக் காட்டி, எஸ்கியூஎல் தெரியாமலே வேலை பார்க்கலாம் என்று புதியவர்களிடம் சொல்வதுண்டு. அந்த ஆலோசனை அவர்களைத் தவறான வழியில் இறக்கிவிடுகிறது.

1970இல் எட்கர் காட் முன்வைத்த, இத்தகைய தரவுத்தளங்களுக்கு அடிப்படையான மாதிரியில் தரவுகளுக்கு இடையிலான உறவு மதிப்புகளால் அமைகிறது: புத்தக அட்டவணையில் ஆசிரியரின் எண் இருக்கும், அவ்வளவுதான். நிரலிலோ ஆசிரியர் என்ற ஆப்ஜெக்டைப் பிடித்தால் அவருடைய புத்தகங்கள் எல்லாம் கூடவே வந்துவிடுவதுபோல் தோன்றும். உண்மையில் வருவதில்லை. பைத்தானுடன் சேர்ந்தே வரும் எஸ்கியூலைட் தரவுத்தளம் போதும், இதைச் சோதித்துப் பார்க்கலாம். தரவுத்தளத்துடன் இணைக்கும் எஞ்சினை உருவாக்கும்போது எக்கோ வசதியை இயக்கிவிட்டால் ஓடும் கட்டளை ஒவ்வொன்றும் திரையில் விழும். 100 ஆசிரியர்களை எடுத்து, ஒரு சுழற்சிக்குள் ஒவ்வொருவரின் புத்தகங்களையும் கேளுங்கள். நிரலில் அது இரண்டே வரி. திரையில் 101 கட்டளைகள்! புத்தகங்களையும் முன்கூட்டியே சேர்த்து எடுக்கும்படி வினவலில் செலக்ட்இன்லோட் சேர்த்தால் அது இரண்டாகக் குறைகிறது. கட்டளைகளைப் படிக்கத் தெரியாதவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது. தளம் மெதுவாக இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

அப்படியானால் எஸ்கியூஎல்லைக் கையாலேயே எழுதிவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். ஓ'பிரையன் என்ற பெயரை நேரடியாகக் கட்டளைக்குள் ஒட்டிப் பாருங்கள்: பெயரின் நடுவில் உள்ள ஒற்றை மேற்கோள்குறியிலேயே சரம் முடிந்துவிட, கட்டளை உடைகிறது. தாக்குபவர்கள் நுழைவதும் இதே ஓட்டை வழியாகத்தான். லைப்ரரி மதிப்புகளைக் கட்டளையிலிருந்து பிரித்தே அனுப்புகிறது. போஸ்ட்கிரெஸுக்கும் ஆரக்கிளுக்கும் உள்ள தொடரமைப்பு வேறுபாடுகள் பலவற்றைச் சமாளிப்பதும், எந்த வரிசையை முதலில் சேர்க்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வதும் அதன் பொறுப்பு. இவற்றைக் கையால் பிழையின்றிச் செய்வது கடினம், பயனும் இல்லை.

வேகம் குறைகிறதே என்ற புகாரில் நியாயம் உண்டு. லட்சக்கணக்கான வரிசைகளுக்கு ஆப்ஜெக்ட் செய்வது வீண் செலவு. அந்த இடங்களில் லைப்ரரியின் கோர் என்ற அடித்தளத்தை நேரடியாகப் பயன்படுத்தலாம். வரிசைகள் வரிசைகளாகவே கிடைக்கும். 2023 ஜனவரியில் வந்த 2.0 பதிப்பு முதல், ஆப்ஜெக்ட் அடுக்கு, கோர் இரண்டிலும் வினவல் எழுத ஒரே செலக்ட்தான். செலக்ட், வேர், ஜாயின் என்று எஸ்கியூஎல் படித்தவர்களுக்குப் பழகிய சொற்களே பைத்தானிலும் எதிர்ப்படுகின்றன.