நாலு முறை போய் வரும் தாள்

ஸ்டுடியோவிலோ ஜெராக்ஸ் கடையிலோ சின்னப் படங்களை நீங்களே பிரிண்ட் போட இயந்திரம் வாங்கப் போகிறீர்களா? முக்கியமாக இரண்டு வகை உண்டு.

இங்க்ஜெட், மையைத் துளித்துளியாகத் தெளிக்கும். பல அளவுகளில் போடலாம். ஆனால் பல வாரம் சும்மா கிடந்தால் மை காய்ந்து துளைகள் அடைத்துக்கொள்ளும்.

டை சப்ளிமேஷன் வகையில் மைக்குப் பதில் ரிப்பன். சூடு பட்டதும் அதிலுள்ள சாயம் தாளில் ஏறும். ஒரே தாள் மஞ்சளுக்கு ஒருமுறை, மெஜந்தாவுக்கு ஒருமுறை, சயானுக்கு ஒருமுறை போய் வரும். நாலாவது முறை காப்புப் பூச்சு. வெளியே வரும்போதே படம் காய்ந்திருக்கும். தூசி மட்டும் ஆகாது. ஒரு துகள் ஒட்டினாலும் படத்தில் புள்ளி விழும்.

ரிப்பனும் தாளும் சேர்ந்த பெட்டியின் விலையைப் படங்களின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு படத்தின் அடக்கவிலை கிடைத்துவிடும். 4க்கு 6 அங்குலத் தாளில் 35க்கு 45 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் படங்கள் 8 அடங்கும்.

இயந்திரத்தின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். அதற்கான ரிப்பன் உங்கள் ஊரில் தட்டுப்பாடில்லாமல் கிடைக்குமா? அதை முதலில் விசாரியுங்கள்.